சாட்ஸ்வர்த் பழைய வீட்டுக்குப் புதிய பகுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறது. இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய குரூப் ஏரியாஸ் சட்டத்தின் பேரில் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து விரட்டப்பட்ட நம் குடும்பங்களுக்காக 1960களில் நகராட்சி கட்டிய, பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பகிரும் ஒட்டு வீடுகளில் ஒன்று. தாத்தா காலத்தில் 11 பேர் இருந்தோம். இப்போது அம்மா, நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியாமல் போனதும், ஒரு சின்ன கட்டடக்கலை ஸ்டூடியோவிடம் கொடுத்து, பின்பக்கம் 38 சதுர மீட்டரில் ஒரு பகுதி சேர்த்தோம். அம்மாவுக்கு அறை, குளியலறை, திறந்த சமையலறை, ஒரு திண்ணை.

கல்யாண வீட்டிலும் கோயிலிலும் புரட்டாசிச் சாப்பாட்டிலும் கேட்டவர்களுக்கு இதே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் போட்டிருக்கிறேன். நான் கட்டடக்காரி இல்லை. கட்டி முடித்து அதில் குடியிருப்பவள்.

"ரெண்டு ரூம் போடுறதுக்கு எதுக்கு ஆர்க்கிடெக்ட்? பில்டர் போதாதா?"

பில்டர் கட்டித் தருவார். ஆனால் நகராட்சிக்குப் போகும் வரைபடத்தை, சாகாப் என்று எல்லாரும் சொல்லும் கட்டடக்கலைத் தொழில் மன்றத்தில் பதிவு பெற்ற ஒருவர்தான் போட வேண்டும். அவர் ஆர்க்கிடெக்டாகவே இருக்க வேண்டும் என்றில்லை. டிராஃப்ட்ஸ்பர்சன், டெக்னாலஜிஸ்ட், சீனியர் டெக்னாலஜிஸ்ட், ஆர்க்கிடெக்ட் என்று நான்கு படி இருக்கிறது. சமமான நிலத்தில் சதுரமாக ஒரு அறை என்றால் முதல் படியே போதும். பதிவு எண்ணை மட்டும் கேட்டு வாங்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஸ்டூடியோவுக்குப் போனதற்குச் சரிவான நிலம் ஒரு காரணம். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அரை நாள் உட்கார்ந்தார்கள். யார் முதலில் எழுவது, துணி எங்கே காய்கிறது, விருந்தாளி வந்தால் எங்கே உட்காருகிறார், விளக்கு எங்கே ஏற்றுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். நாங்கள் கேட்டது 60 சதுர மீட்டர். அவர்கள் வரைந்து கொண்டுவந்தது 38. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பழைய வீட்டின் இருட்டு நடையும் யாரும் உட்காராத முன்னறையும் எவ்வளவு இடத்தை விழுங்குகின்றன என்று காட்டிய பிறகு வாயை மூடிக்கொண்டேன். கட்டாமல் விட்ட அந்த 22 சதுர மீட்டர்தான் இந்த வேலையிலேயே பெரிய மிச்சம்.

"பழசை இடிச்சிட்டுப் புதுசா கட்டினா சுலபமில்லையா?"

இல்லை. பழைய சுவரின் செங்கல்லைச் சுட்ட நெருப்பும் சிமென்டுக்கு எரித்த நிலக்கரியும் அறுபது வருடத்துக்கு முன்பே செலவானவை. இடித்தால் அதையும் குப்பையில் கொட்டி, புதிதாக இன்னொரு முறை எரிக்க வேண்டும். குப்பையை ஏற்றிப் போகும் லாரிக்கும் காசு. எங்கள் இன்ஜினியர் பழைய சுவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் உங்கள் பேரன் காலம் வரை நிற்கும்" என்றார்.

இன்னொன்றும் உண்டு. 1999ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி 60 வயதைத் தாண்டிய எந்தக் கட்டடத்தையும் அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது. எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் அந்த அனுமதியை அமாஃபா என்ற பாரம்பரிய அமைப்பு தருகிறது. சாட்ஸ்வர்த் வீடுகள் பல இப்போதுதான் அந்த வயதைத் தொடுகின்றன. "நகராட்சி கட்டின கவுன்சில் வீடெல்லாம் பாரம்பரியமா?" என்று சிரிக்காதீர்கள். அழகைப் பற்றிச் சட்டம் கேட்பதில்லை, வயதைத்தான் கேட்கிறது. எக்ஸ்டென்ஷனுக்கும் இது பொருந்தும்.

"சஸ்டெய்னபிள் வீடுன்னா சோலார் போட்டா போதும்தானே?"

சோலார் கடைசியில் வருவது. முதலில் நிழல், அடுத்து காற்று, அப்புறம் கூரைக்கடியில் சூட்டைத் தடுக்கும் மெத்தை, அதன் பிறகு வெந்நீர். இவ்வளவும் முடிந்தபின் மிச்சமிருக்கும் மின்தேவைக்குத்தான் பேனல். வரிசையை மாற்றினால், வெயிலில் வேகும் அறையைக் குளிர வைக்க ஏசி வாங்கி, அந்த ஏசியை ஓட்டப் பேனல் வாங்குவீர்கள்.

டர்பனில் பனி பெய்வதில்லை. நம்மைப் படுத்துவது வெயிலும் புழுக்கமும். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருந்தால் காற்று உள்ளே நுழைந்து வெளியே போகும். ஒரே பக்கம் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் அது நடக்காது. கட்டட விதி கேட்கும் ஜன்னல் அளவு, வெளிச்சத்துக்குத் தரைப்பரப்பில் 10 சதவீதம், காற்றுக்குத் திறக்கக்கூடியதாக 5 சதவீதம். அது குறைந்த அளவு. இங்கே நிம்மதியாகத் தூங்க அதுபோல் இரண்டு மடங்கு வேண்டும் என்பது என் அனுபவம்.

"ஆர்க்கிடெக்ட் வடக்கைப் பார்க்கச் சொல்றார், வாஸ்து பார்க்கிறவர் ஈசானியம்னு சொல்றார். யார் பேச்சைக் கேக்கறது?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான். தமிழ்நாட்டில் வருடத்தின் பெரும்பகுதி மத்தியானச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். இங்கே நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் இருக்கிறோம். அதனால் வருடம் முழுக்க நடுப்பகல் சூரியன் வடக்கில்தான். ஜூனில் அது தரையிலிருந்து 37 பாகை உயரத்தில் தாழ்ந்து நிற்கும். டிசம்பரில் 84 பாகை, ஏறக்குறைய உச்சந்தலையில்.

இந்த வித்தியாசம் போதும். எங்கள் வடக்கு ஜன்னல் ஒன்றரை மீட்டர் உயரம், அதன் தலைக்கு மேலே 60 சென்டிமீட்டர் நீளும் சன்ஷேடு. டிசம்பர் மத்தியானத்தில் கண்ணாடி முழுதும் நிழலில் இருக்கும். ஜூனில் மேலே 45 சென்டிமீட்டர் மட்டும் நிழல், கீழே ஒரு மீட்டர் வெயில் அறைக்குள் வந்து அம்மாவின் காலில் விழும். மின்சாரமும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம்.

இனி வாஸ்துவுக்கு வருகிறேன். எங்களுக்கு நல்ல வேளையாகச் சண்டையே வரவில்லை. ஈசானியம், அதாவது வடகிழக்கு, திறந்தும் வெளிச்சமாகவும் இருக்க வேண்டும் என்பது வாஸ்து. டர்பனில் காலை வெயிலும் கோடையின் வடகிழக்குக் காற்றும் அங்கிருந்துதான் வருகின்றன. பூஜை அறையும் திண்ணையும் அங்கே வைத்தோம். கன்னி மூலை, தென்மேற்கு, கனமாக இருக்கட்டும் என்பார்கள். இங்கே குளிர்ந்த மழைக்காற்று அடிக்கும் மூலை அதுதான். தடித்த சுவரும் அலமாரியும் அங்கே போயின. ஊர் மாறியும் இந்த இரண்டு மூலையும் ஒத்துப்போனது தற்செயலாக இருக்கலாம். எல்லா விதியும் இப்படி ஒத்துவராது. வராத இடத்தில் நான் சூரியன் பேச்சைத்தான் கேட்பேன்.

"மேற்கே நல்ல வியூ இருக்கு. பெருசா கண்ணாடி போட்டுடலாமா?"

எங்கள் தவறைச் சொல்கிறேன். ஸ்டூடியோ வேண்டாம் என்றது. நான்தான் அந்தி வானம் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து இரண்டு மீட்டர் கண்ணாடி வைக்கச் செய்தேன். மேற்கு வெயில் தாழ்வாக, நேராக முகத்தில் அடிக்கும். மேலே சன்ஷேடு எவ்வளவு நீட்டினாலும் அதைத் தடுக்காது. முதல் பிப்ரவரியில் நான்கு மணிக்கு மேல் அந்த மூலையில் யாரும் உட்கார முடியவில்லை. கடைசியில் வெளியே இழுத்து மூடும் மரச்சட்டக் கதவுகள் போட்டோம். அந்தி வானத்தை இப்போது பட்டைகளின் இடுக்கு வழியாகப் பார்க்கிறேன். உள்ளே தொங்கவிடும் திரை பிரயோசனமில்லை, கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு வந்ததுதான்.

"பக்கத்து வீட்டில பிளான் பாஸ் பண்ணாமலே கட்டிட்டாங்க. ஒண்ணும் ஆகலையே?"

இன்னும் ஆகவில்லை என்று சொல்லுங்கள். 1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் கட்டட விதிமுறைச் சட்டப்படி, எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் கட்டத் தொடங்குவதே குற்றம். அபராதம் ஒரு நாளைக்கு 100 ரேண்டுக்கு மேல் போகாது என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருப்பதைப் படித்து நம் ஆட்கள் சிரிப்பார்கள். அது அந்தக் காலத்து நூறு ரேண்ட். ஆனால் அதே சட்டம் நீதிமன்றத்துக்கு இடிக்க உத்தரவிடும் அதிகாரத்தையும் தருகிறது. அதைப் படிக்கும்போது யாரும் சிரிப்பதில்லை.

நடைமுறையில் கை கடிப்பது வீட்டை விற்கும் நாளில்தான். வாங்குபவரின் வங்கி பாஸான பிளானைக் கேட்கும், தாளில் இருப்பது இரண்டு அறை, தரையில் இருப்பது ஐந்து. தீப்பிடித்தாலோ சுவர் சரிந்தாலோ இன்சூரன்ஸ்காரரும் அதே தாளைத்தான் தேடுவார்.

500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு 30 நாளில் நகராட்சி முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். கேட்ட தாளெல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் அந்தக் கணக்கு. எங்களுக்கு இரண்டு முறை திரும்பி வந்தது. அமாஃபா தாளை முன்பே இணைத்திருந்தால் ஒரு முறை மிச்சமாகியிருக்கும். பாஸானதும் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள், 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அனுமதி காலாவதி. முடிந்ததும் குடியேறும் சான்றிதழ் வாங்க வேண்டும். அதை மறந்தவர்கள்தான் ஊரில் பாதிப்பேர்.

"ஒட்டு வீடு. பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமா?"

எல்லைக்கோட்டிலிருந்து விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டுவதாக இருந்தால் பெரும்பாலும் அவர் சம்மதத்தைக் கேட்பார்கள். சட்டம் கேட்காவிட்டாலும் நீங்கள் போய்ச் சொல்லிவிடுங்கள். பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் தொட்டில் கட்டியிருக்கலாம். நாங்கள் ஒரு தட்டுப் பலகாரத்தோடு வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு போனோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, தன் துணி காயும் இடத்தில் நிழல் விழக் கூடாது. கூரையை ஒரு சாண் இறக்கினோம், தீர்ந்தது.

"கூரை ஆஸ்பெஸ்டாஸ். சனிக்கிழமை நாலு பேர் சேர்ந்து கழட்டிடலாமா?"

வேண்டவே வேண்டாம். தென்னாப்பிரிக்கா 2008இல் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது. 2020இல் வந்த விதிகளின்படி ஒரு கூரை முழுதையும் எடுக்கப் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்தான் வர வேண்டும். ஷீட்டை உடைக்காமல், நனைத்து, கட்டி, அதற்கென உரிமம் பெற்ற குப்பைமேட்டுக்குக் கொண்டுபோவார்கள். உடையாமல் இருக்கும் ஷீட் கூரையில் சும்மா கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. துளை போடும்போதும் ரம்பத்தால் அறுக்கும்போதும் தேய்த்துக் கழுவும்போதும் பறக்கும் தூசிதான் நுரையீரலில் போய் உட்காரும். அதனால் வரும் நோய் வெளியே தெரிய இருபது முப்பது வருடம் ஆகும். சோலார்காரர் வந்து அந்தக் கூரையில் துளை போட விடாதீர்கள்.

"மரத்தில கட்டினீங்களாமே? கரையான் விடுமா?"

புதிய பகுதியின் சட்டகம் மரம், கூரை வெளிர் நிறத் தகரம். இதைப் பார்த்ததும் அம்மா சொன்னார்: "கேட்டோ மேனர் வீடு மாதிரியே இருக்கு." உண்மைதான். விரட்டப்படும் முன் நம் ஆட்கள் பலர் இருந்தது மரமும் தகரமுமான வீட்டில், முன்னால் வராண்டாவோடு. ஸ்டூடியோக்காரர்கள் அதை நவீனம் என்கிறார்கள், எங்களுக்கு அது தாத்தா வீடு. என்ன, அந்தக் கூரைக்கடியில் மெத்தை இல்லாததால் மத்தியானம் வேகும். இப்போது பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து செய்த பாலியெஸ்டர் மெத்தை போட்டிருக்கிறோம். மழைச் சத்தமும் பாதியாகிவிட்டது. சத்தம் குறைந்ததில் அம்மாவுக்கு மட்டும் வருத்தம்.

கரையானுக்கு வருவோம். இங்கே விற்கும் பைன் மரத்துக்கு மருந்தேற்றியிருப்பார்கள், ஒவ்வொன்றிலும் எச் எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். கூரைக்குள் எச்2, வெளியே மழைபடும் இடத்துக்கு எச்3, மண்ணில் ஊன்றுவதற்கு எச்4. எங்கே வைக்கிறீர்களோ அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மரம் மண்ணைத் தொடாமல் கான்கிரீட் கட்டை மேல், இரும்புக் காலில் நிற்கட்டும். அறுத்த முனையில் திரும்ப மருந்து பூச வேண்டும், வேலையாட்கள் இதைத்தான் மறப்பார்கள்.

முக்கியமான ஒன்று. பச்சை சாயல் அடிக்கும் அந்த மரத்தின் துண்டுகளை அடுப்பில் வைக்காதீர்கள். மருந்தில் ஆர்சனிக் இருக்கிறது. எங்கள் வீட்டில் கூழ் காய்ச்ச யாரோ அந்தத் துண்டுகளை அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து அலறிவிட்டேன்.

"பழைய சுவரும் புதுச் சுவரும் சேர்ற இடத்தில விரிசல் வருமே?"

வரும், இரண்டையும் இறுக்கிக் கட்டிப்போட்டால். பழைய வீடு அறுபது வருடமாக மண்ணில் இறங்கி அமர்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமரும். செங்கல்லைப் பல் வைத்துக் கோத்தால் ஏதாவது ஒன்று கிழிந்தே தீரும். அதனால் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, அமுங்கும் பொருளால் நிரப்பி, மேலே ரப்பர் போன்ற பசையால் மூடுவார்கள். பூசி மறைக்க வேண்டாம், அது தெரியட்டும்.

எங்கள் ஸ்டூடியோ இன்னும் ஒரு படி போய், இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் அகலத்தில் கண்ணாடிப் பக்கச்சுவரோடு ஒரு இணைப்பு வைத்தது. பழைய இருட்டு நடைக்கு வெளிச்சம் வந்தது. பழைய வெளிச்சுவரின் செங்கல்லைப் பூசாமல் அப்படியே விட்டோம். 1964இல் யாரோ ஒரு கொத்தனார் ஈரக் கலவையில் வைத்த கட்டைவிரல் தடம் அதில் இருக்கிறது.

"எங்க வீடு மேட்டில இருக்கு. 2022 வெள்ளத்துக்கப்புறம் பயமா இருக்கு."

பயப்பட வேண்டியதுதான். அந்த ஏப்ரலில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடுகள் பல சரிந்தது, அடியில் இருந்த மண் போனதால். டர்பன் மேடுகளில் கிடைக்கும் சிவப்பு மணலைப் பெரியா ரெட் என்பார்கள். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும், நனைந்தால் பலம் விட்டுப்போகும்.

சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் தூண் வைத்து மேலே கட்டினோம். மண்ணைத் தொடும் இடம் குறைவு, தண்ணீர் அடியில் தன் வழியில் போகும். மண்தாங்கு சுவர் தேவைப்பட்டால் அது இன்ஜினியர் வேலை, பின்னால் தண்ணீர் வடியக் குழாயும் சரளையும் கட்டாயம். அப்புறம் ஒன்று: முற்றம் முழுவதும் சிமென்ட் போடாதீர்கள். உங்கள் முற்றத்துத் தண்ணீர் கீழ் வீட்டுக்காரர் படுக்கையறைக்குப் போகும்.

"ஜோஜோ டேங்க் வைச்சா தண்ணி பில் குறையுமா?"

ஜோஜோ என்பது இங்கே எல்லாரும் வைக்கும் பிளாஸ்டிக் மழைநீர்த் தொட்டி. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். டர்பனில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர். 40 சதுர மீட்டர் கூரையென்றால், சிந்தியது போக 30,000 லிட்டர் தேறும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பாலும் கோடையில் கொட்டுகிறது, 2,500 லிட்டர் தொட்டி நிறைந்து வழிந்துவிடும். பில் கொஞ்சம் குறையும். குழாயில் தண்ணீர் வராத நாளில்தான் அதன் அருமை தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், கழிவறைக்கும் செடிக்கும் போதும்.

"லோட் ஷெடிங்தான் நின்னுடுச்சே, இன்னும் சோலார் வேணுமா?"

முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தியதில் 2023இல் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தில் கடன் வாங்கிப் பெரிய பேட்டரி வைத்தவர்களையும் பார்க்கிறேன். பேனல் வாங்கிய தனியாருக்கான 25 சதவீத வரிச்சலுகையும், அதிகபட்சம் 15,000 ரேண்ட், 2024 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது.

முதலில் கீசரைப் பாருங்கள். வீட்டில் மின்சாரத்தை அதிகம் தின்பது பெரும்பாலும் அதுதான். கட்டட விதியே புதிய பகுதிகளில் வெந்நீரில் பாதியையாவது சாதாரண மின்சூட்டுக் கம்பி அல்லாத வழியில் சுடவைக்கச் சொல்கிறது. எங்களுக்குச் சோலார் கீசர். இடமில்லாதவர்களுக்கு ஹீட் பம்ப், அதே வெந்நீருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரம். பேனலுக்கு வடக்கு பார்த்த கூரைச் சரிவும் உள்ளே கம்பிக் குழாயும் மட்டும் இப்போதே விட்டுவைத்தோம், காசு சேரும்போது போடலாம். போடும் நாளில் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும்.

"எவ்வளவு ஆச்சு?"

எங்கள் தொகை உங்களுக்கு உதவாது. நிலம், வருடம், பில்டர் எல்லாம் வேறு. ஸ்டூடியோ கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கேளுங்கள்: யோசனை, நகராட்சி வரைபடம், கட்டுமான வரைபடம், மேற்பார்வை. கடைசியை வெட்டி மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். நான் வெட்ட மாட்டேன். பில்டரோடு வாய்ப்பேச்சு வேண்டாம், ஜேபிசிசி என்ற அமைப்பின் சிறு வேலை ஒப்பந்தப் படிவம் இருக்கிறது. முன்பணமாகப் பாதியைக் கேட்ட ஒரு பில்டரை நாங்கள் நம்பினோம், அவர் அஸ்திவாரத்தோடு காணாமல் போனார். இரண்டாமவருக்கு முடிந்த வேலைக்கு மட்டுமே கொடுத்தோம்.

"வீடு இன்னும் செத்துப்போன அப்பா பேர்லதான் இருக்கு. கட்டலாமா?"

கஷ்டமான கேள்வி, ஆனால் நம் தெருவில் பாதி வீட்டின் கதை. விண்ணப்பத்தில் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். இறந்தவர் கையெழுத்துப் போட முடியாது. உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் நியமித்த, எஸ்டேட் எனப்படும் இறந்தவர் சொத்தின் நிர்வாகிதான் அவருக்காகப் போடலாம். எஸ்டேட்டை முடிக்காமல் ஒரு பிள்ளை தன் காசில் அறை கட்டினால், நாளைக்கு அந்த அறை எல்லா வாரிசுகளுக்கும் சொந்தம். முதலில் வக்கீல், அப்புறம் ஆர்க்கிடெக்ட். எங்களுக்கே இதில் 14 மாதம் போனது. அந்த நேரத்தில் வெயில் எங்கே விழுகிறது என்று மாதாமாதம் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஸ்டூடியோக்காரர்கள் வந்தபோது அந்தச் சுவரைத்தான் முதலில் படம் எடுத்தார்கள்.

"திரும்பக் கட்டினா என்ன மாத்துவீங்க?"

மேற்குக் கண்ணாடியைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று வெளியடுப்பு. ஆடிக்குக் கூழ், புரட்டாசிக்குச் சமையல், கல்யாணத்துக்குப் பெரிய அண்டா என்று வருடத்தில் ஏழெட்டு முறை வெளியேதான் அடுப்பு மூட்டுகிறோம். ஸ்டூடியோ திண்ணைக்குப் பக்கத்தில் கல்லடுப்புக்கு அழகான இடம் வைத்தது, புகை வீட்டுக்குள் வராத பக்கமாகப் பார்த்து. ஆனால் அங்கே ஒரு தண்ணீர்க் குழாய் வைக்க அவர்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. இன்றைக்கும் சமையலறையிலிருந்து வாளியில்தான் தூக்குகிறோம்.